இலையும் விதையும்: தென்னார்க்காட்டு நிலக்கடலையில் இலைப்புள்ளி நோய் மேலாண்மையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இன்றைய விழுப்புரம் மாவட்டத்தை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காட்டில் நிலக்கடலை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக முதன்மையான வணிகப் பயிராக விளங்கி வருகிறது. அதன் இலைகளைத் தாக்கும் பூசண நோய்கள், குறிப்பாக டிக்கா எனப்படும் இலைப்புள்ளி நோயும் துரு நோயும், இப்பயிரின் வரலாற்றில் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. 1890-களில் நேர்ந்த சாகுபடி வீழ்ச்சி, திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள், 1970-ஐ ஒட்டி வந்த துரு நோய், மருந்துத் தெளிப்பின் பரவல், காட்டினங்களிலிருந்து பெறப்பட்ட எதிர்ப்புத்திறன் ஆகியவை வரிசையாக நோக்கப்படுகின்றன. இலையில் தோன்றிய சிக்கலுக்கு இப்பகுதி மீண்டும் மீண்டும் விதையிலேயே தீர்வு தேடியது என்பதும், அத்தேர்வு உழவரின் பொருளியல் நிலையால் உருவானது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நிலக்கடலை, மணிலா, டிக்கா நோய், துரு நோய், தென்னார்க்காடு, திண்டிவனம், டி.எம்.வி. 2

முன்னுரை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் நிலக்கடலையை ‘மல்லாட்டை’ என்பர். மணிலாக்கொட்டை என்ற சொல் மருவியதே இது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் வரத்துப் பட்டியலிலும் ‘மணிலா’ என்ற பெயரே இன்றும் இடம்பெறுகிறது. தென்னமெரிக்காவில் தோன்றிய ஒரு பயிர் கடல் கடந்து வந்ததன் நினைவை அப்பெயர் சுமந்து நிற்கிறது.

பயிருக்கு இவ்வாறு உள்ளூர்ப் பெயர் அமைந்தபோதும், அதன் இலைநோய்க்கு வழங்கும் பெயர் உள்ளூரில் பிறந்ததன்று. ‘டிக்கா’ என்பது பொட்டு எனப் பொருள்படும் மேற்கிந்தியச் சொல். வேளாண் துறையின் வெளியீடுகள் வழியே தமிழுக்கு வந்தது. உழவர் பேச்சில் இலை கருகுதல், இலை கொட்டுதல், கொடி காய்தல் போன்ற தொடர்களே வழங்குகின்றன. இவை ஒரு நிகழ்வைக் குறிக்கின்றனவே அன்றி ஒரு நோயைத் தனித்துச் சுட்டுவதில்லை. அறுவடை நெருங்கும்போது இலை பழுத்து உதிர்வது பயிரின் இயல்பு என்பதால், நோயால் உதிரும் இலையும் முதிர்ச்சியால் உதிரும் இலையும் ஒன்றாகவே கொள்ளப்பட்டன. நோயை நோயாகக் காண்பதில் இருந்த இத்தடை, அதை மேலாண்மை செய்த வரலாற்றையும் பாதித்தது.

தென்னார்க்காட்டு வேளாண்மை குறித்த வரலாற்று ஆய்வுகள் பெரும்பாலும் நிலவுரிமை, கடன், சந்தை ஆகியவற்றையே மையமாகக் கொள்கின்றன. பயிர் நோய், ‘பருவக்கேடு’ என்ற பொதுத் தலைப்புக்குள் அடங்கிவிடுகிறது. அதைத் தனியே எடுத்து நோக்குவது இக்கட்டுரையின் முயற்சி.

இருப்புப்பாதையும் ஏற்றுமதியும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டின் மார்செய் நகரத்து எண்ணெய், சவர்க்காரத் தொழிற்சாலைகள் நிலக்கடலையைப் பெருமளவில் வேண்டின. தென்னார்க்காட்டின் செம்மண், மணற்பாங்கு நிலங்களில் விளைந்த பருப்பு, பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரித் துறைமுகம் வழியே அங்குச் சென்றது. சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே சென்ற இருப்புப்பாதையும், 1879-இல் திறக்கப்பட்ட விழுப்புரம்–புதுச்சேரிப் பாதையும் இவ்வணிகத்தை விரைவுபடுத்தின. கம்பும் வரகும் கேழ்வரகும் விளைந்த மானாவாரி நிலங்களுக்குள் பணப்பயிர் நுழைந்தது.

இதன் வேளாண் விளைவு முக்கியமானது. ஆடிப்பட்டத்தில் விதைத்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியை ஒட்டி அறுவடை செய்யப்படும் ஒரே பயிர், ஒரே வகை விதையிலிருந்து, அடுத்தடுத்த நிலங்களில் ஆண்டுதோறும் விளைந்தது. இலைப்புள்ளிப் பூசணங்கள் முந்தைய பயிரின் சருகிலும், அறுவடையின்போது மண்ணில் தங்கிய காய்களிலிருந்து தானே முளைக்கும் செடிகளிலும் உயிர்த்திருந்து, அடுத்த பயிரின் இலைகளுக்கு மழைத்துளியாலும் காற்றாலும் பரவுபவை. இலைப்பரப்பில் ஈரம் நீடிப்பதும், 25 முதல் 30 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பமும் அவற்றுக்கு ஏற்றவை. வணிகம் விரித்த நிலப்பரப்பே நோய்க்கும் விரிந்த களமாயிற்று.

1890-களின் வீழ்ச்சி

1890-களில் சென்னை மாகாணத்தின் நிலக்கடலைச் சாகுபடியும் ஏற்றுமதியும் கடுமையாகச் சரிந்தன. இச்சரிவு தென்னார்க்காட்டை நேரடியாகத் தாக்கியது. நாட்டு விதை வலுவிழந்துவிட்டது, நிலம் களைத்துவிட்டது, மழை பொய்த்தது, செடியை நோய் தாக்கியது எனப் பல காரணங்கள் அக்காலத்தில் முன்வைக்கப்பட்டன. 1898-இல் சென்னை அரசின் தாவரவியலாளராகப் பொறுப்பேற்ற சி. ஏ. பார்பர், தென்னார்க்காட்டு நிலக்கடலைச் சிக்கலை ஆராய்ந்தவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியால் புகழ்பெற்றவரும் இவரே.

இச்சரிவை ஒரே காரணத்தில் அடக்குவது பொருந்தாது. எனினும் அன்று கூறப்பட்ட ‘விதை வலுவிழத்தல்’ என்ற கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. இலைப்புள்ளி தீவிரமாகும்போது செடி இலையை இழக்கிறது, காய்க்குச் செல்லவேண்டிய உணவு குறைகிறது, பருப்பு சுருங்குகிறது. காயைத் தாங்கும் காம்பும் நலிவதால், செடியைப் பிடுங்கும்போது காம்பு அறுந்து காய்கள் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. சுருங்கிய பருப்பை அடுத்த ஆண்டு விதையாகப் பயன்படுத்தினால் முளைப்பும் வீரியமும் குறையும். அதாவது, ‘வலுவிழந்த விதை’ எனக் கண்ணுக்குப் பட்டது, இலையில் நேர்ந்த நோயின் விளைவாகவும் இருக்கக்கூடும். விதை, நிலம், நோய் என்ற மூன்றும் தனித்தனிக் காரணங்களாகப் பட்டியலிடப்பட்டபோது இத்தொடர்பு மறைந்துபோனது.

சரிவிலிருந்து மீண்டதும் விதையின் வழியேதான். வணிகர்கள் ‘மொரீசியசு’ எனக் குறித்த புதிய வகை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டு வகையின் இடத்தைப் பிடித்தது. சாகுபடி மீண்டும் விரிந்தது. 1905-இல் கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே பாலூரில் அரசின் வேளாண் ஆய்வுப் பண்ணை தொடங்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் நிலக்கடலையும் அதன் ஆய்வுப் பயிராக இருந்தது. 1906-இல் வெளிவந்த டபிள்யூ. பிரான்சிசு எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேடு, வீழ்ச்சியும் மீட்சியும் நினைவில் பசுமையாக இருந்த காலத்து ஆவணம். இவ்வாறு, புதிய விதையால் நோயைக் கடக்கலாம் என்ற பட்டறிவு ஆட்சியாளரிடமும் உழவரிடமும் ஒருசேர வேரூன்றியது.

இருவகை இலைகள்

இதே காலத்தில் இன்னோர் இலைநோய் எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பதை ஒப்பிடுவது பயன்தரும். 1869-இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் துரு நோய் கண்டறியப்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற அப்பூசணத்தை ஆராய, எச். மார்ஷல் வார்டு 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கிப் பணியாற்றினார். ஒரே பயிரை இடைவெளியின்றிப் பரப்பியதும், காற்றில் பரவும் வித்துகளும் நோயின் வேகத்துக்குக் காரணங்கள் என அவர் விளக்கினார். காப்பி அழிந்து தேயிலை வந்ததும், தமிழ்த் தொழிலாளரின் வாழ்வு அதனோடு மாறியதும் அறிந்த வரலாறு.

காப்பியின் இலை தோட்ட முதலாளியின் இலை. அதன் அழிவு மூலதனத்தின் அழிவாகக் கணக்கிடப்பட்டது. நோயைப் பெயரிட்டு ஆராயத் தனி வல்லுநர் வந்தார். மணிலாவின் இலை சிறு உழவரின் இலை. அதன் இழப்பு, வணிக நிறுவனங்களுக்குத் துறைமுகத்து வரத்துக் குறைவாக மட்டுமே தெரிந்தது. வரத்துக் குறையும்போது வேறு நாட்டுப் பருப்பை வாங்கும் வாய்ப்பும் அவற்றுக்கு இருந்தது. ஏற்றுமதிக் கணக்கு எடையைப் பதிவுசெய்யும். நிலவரிக் கணக்கு பரப்பைப் பதிவுசெய்யும். இலைக்கு இரண்டிலும் இடமில்லை. ஆவணங்களின் இவ்வமைப்பே, நிலக்கடலை நோயை வரலாற்று எழுத்தில் ‘பருவக்கேடு’ என்ற சொல்லுக்குள் ஒடுக்கியது.

ஒரு நோயா, இரண்டா?

அறிவியலிலும் இந்நோய் தெளிவுபெறக் காலம் பிடித்தது. அமெரிக்க மாதிரியிலிருந்து 1875-இல் விவரிக்கப்பட்ட பூசணம் 1885-இல் செர்க்கோஸ்போரா பெர்சொனேட்டா எனப் பெயர் பெற்றது. 1898-இல் ஜாவாவில் அதுவே வேறொரு பெயரில் விவரிக்கப்பட்டது. பூசாவில் பேரரசுப் பூசணவியலாளராக இருந்த ஈ. ஜே. பட்லர், இந்தியப் பயிர் நோய்கள் குறித்து 1918-இல் வெளியிட்ட நூலில் டிக்கா நோய்க்கு இடமளித்தார். 1917-இல் ஜப்பானில் ஹோரி என்பவர் செர்க்கோஸ்போரா அராக்கிடிகோலா என்ற மற்றொரு பூசணத்தைப் பெயரிட்டிருந்தார். அமெரிக்காவில் 1933-இல் உட்ரஃபும் 1938-இல் ஜெங்கின்சும் வெளியிட்ட ஆய்வுகளால், டிக்கா என்ற ஒரே பெயரின்கீழ் இரண்டு நோய்கள் அடங்கியிருப்பது உறுதியாயிற்று.

முன்பருவ இலைப்புள்ளியில் பழுப்புப் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் தோன்றும். வித்துகள் பெரும்பாலும் இலையின் மேற்புறத்தில் உருவாகும். விதைத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் இது தலைகாட்டும். பின்பருவ இலைப்புள்ளி கருமையானது, வட்டமானது. வித்துகள் இலையின் அடிப்புறத்தில் வளையங்களாக அமையும். இவ்வேறுபாடு வெறும் வகைப்பாட்டுச் செய்தியன்று. எப்போது கண்காணிப்பைத் தொடங்குவது, இலையின் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது, தெளிப்பு நீர் எப்பக்கம் படவேண்டும் என்பன இதனையே சார்ந்தவை. இலையைத் திருப்பிப் பார்க்காதவருக்கு நோயின் தொடக்கம் தெரிவதில்லை. தெரியவரும்போது இலை கொட்டத் தொடங்கியிருக்கும். அது முதிர்ச்சியாகவும் கொள்ளப்பட்டுவிடும்.

திண்டிவனத்தின் விதை

திண்டிவனத்தில் நிறுவப்பட்ட எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம், விதை வழித் தீர்வு என்ற மரபை நிறுவனமாக்கியது. அவ்வூர்ப் பெயரைக் குறிக்கும் ‘டி.எம்.வி.’ என்ற எழுத்துகள் இந்தியா முழுவதும் நிலக்கடலை உழவருக்கு அறிமுகமாயின. மேற்கு ஆப்பிரிக்காவின் சலூம் வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட படர்கொடி ரகம் டி.எம்.வி. 1, குடியாத்தம் கொத்து வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது டி.எம்.வி. 2. இரண்டாவது ரகம் 1940-இல் வெளியிடப்பட்டது.

டி.எம்.வி. 2 கொத்து ரகம்; ஏறத்தாழ 105 நாளில் அறுவடைக்கு வரும். படர்கொடி வகைகள் இதைவிட ஒரு மாதம் வரை கூடுதலாக எடுத்துக்கொள்ளும். மழை இடையில் நின்றுவிடும் மானாவாரி நிலத்துக்குக் குறுகிய வயதே பெரிய காப்பு. கொத்தாகக் காய்ப்பதால் பிடுங்குவது எளிது, கூலியும் குறையும். ஆந்திரம், கருநாடகம் உள்ளிட்ட பகுதிகளிலும் இந்த ரகம் பல பத்தாண்டுகள் நிலைத்ததற்கு இவையே காரணங்கள்.

ஆனால் இந்த ரகத்துக்கு இலைநோய் எதிர்ப்புத்திறன் இல்லை. குறுகிய வயதால் வறட்சியிலிருந்து தப்பியது. ஈரமான ஆண்டுகளில் இலைப்புள்ளியிலிருந்து தப்பவில்லை. 1972-இல் ஐதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட், நோய் எதிர்ப்புச் சோதனைகளில் டி.எம்.வி. 2-ஐ நோய்க்கு எளிதில் இலக்காகும் ஒப்பீட்டு ரகமாகப் பயன்படுத்தியது. சோதிக்கப்படும் செடிகளுக்கு நோய் தவறாமல் பரவவேண்டும் என்பதற்காக, இடையிடையே ‘நோய் பரப்பும் வரிசை’யாகவும் அது விதைக்கப்பட்டது. உழவர் நிலத்தில் நம்பிக்கைக்குரிய விதையாக இருந்த ஒன்று, ஆய்வு வயலில் நோயின் ஊற்றாக விதைக்கப்பட்டது. இம்முரண் திண்டிவனத்து ஆய்வாளரின் குறையைக் காட்டுவதன்று. 1930-களின் தேர்வு முறை விளைச்சல், வயது, எண்ணெய், உரிப்புத்திறன் ஆகியவற்றை அளந்தது; தேர்வுக்குக் கிடைத்த பயிரிடு வகைகளில் வலுவான எதிர்ப்புத்திறனும் அரிதாக இருந்தது. அளக்கப்பட்டது விதைக்குள் வந்தது. அளக்கப்படாதது வெளியே நின்றது.

இறவைச் சாகுபடியும் துரு நோயும்

1950-களுக்குப் பின் மின் இறைப்பான்கள் பரவியதால், கிணற்றுப் பாசனமுள்ள தோட்டக்கால்களில் மார்கழிப் பட்டத்திலும் சித்திரைப் பட்டத்திலும் நிலக்கடலை விளைந்தது. மானாவாரிப் பயிர் முடிந்தபின் நிலத்தில் பச்சை இலையே இல்லாத கோடைக்காலம் ஒன்று முன்பு இருந்தது. ஒரு பட்டத்தின் அறுவடைக்கும் அடுத்த பட்டத்தின் விதைப்புக்கும் இடையே இருந்த அவ்விடைவெளி சுருங்கியது.

இவ்வேளையில்தான் துரு நோய் வந்தது. பக்சீனியா அராக்கிடிஸ் என்ற இப்பூசணம் அதுவரை பெரும்பாலும் அமெரிக்க நிலப்பகுதிகளுக்குள்ளேயே இருந்தது. 1970-ஐ ஒட்டி இந்தியாவில் அறியப்பட்டு விரைவில் நாடெங்கும் பரவியது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் கொப்புளங்கள் தோன்றுவது இதன் அடையாளம். இலைப்புள்ளி தாக்கிய இலை உதிரும். துரு தாக்கிய இலை காய்ந்தும் செடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இத்துருப் பூசணம் நிலைத்திருக்க உயிருள்ள நிலக்கடலைச் செடி தேவை. ஆண்டு முழுவதும் எங்கோ ஒரு தோட்டக்காலில் பச்சைச் செடி நின்ற தென்னார்க்காடு அதற்குப் பாலமாக அமைந்தது. பின்பருவ இலைப்புள்ளியும் துருவும் சேர்ந்து தாக்கும்போது விளைச்சலில் பாதிக்கு மேலும் இழக்க நேரும். நீரைக் கொண்டுவந்த இறைப்பான் நோய்க்கும் வழி திறந்தது என்பதை, பாசன வளர்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் கருத்தில் கொள்ளவேண்டும்.

தெளிப்பின் எல்லைகள்

இலையில் மருந்திடும் முறை 1885-இல் பிரான்சில் திராட்சைக்கென மில்லார்டே வெளியிட்ட போர்டோ கலவையிலிருந்து வளர்ந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த இக்கலவையும் கந்தகத் தூளும் நிலக்கடலைக்கும் பயன்பட்டன. பின்னர் மான்கோசெப், குளோரோதலோனில், கார்பெண்டாசிம் ஆகியவை வந்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளில் எக்டருக்குக் கார்பெண்டாசிம் 500 கிராம், மான்கோசெப் அல்லது குளோரோதலோனில் 1000 கிராம் என்ற அளவுகள் இடம்பெறுகின்றன. தேவைப்படின் 15 நாள் இடைவெளியில் மீண்டும் தெளிக்கவேண்டும்.

பரிந்துரை சுருக்கமானது, நிறைவேற்றுவது கடினமானது. கைத்தெளிப்பானால் ஓர் எக்டருக்குத் தெளிக்க ஏறத்தாழ 500 லிட்டர் நீர் வேண்டும். மழையை மட்டுமே நம்பிய நிலத்தில் அந்நீரைச் சுமந்தே கொண்டுவரவேண்டும். நோய் தீவிரமாகும் மழைநாள்களில் தெளித்த மருந்து கழுவிச் செல்லும். விளைச்சல் உறுதியில்லாத பயிருக்கு மருந்துச் செலவு கூடுதல் கடனாகும்.

அறுவடைக்குப் பின் எஞ்சும் கொடியையும் இங்குக் கருதவேண்டும். மல்லாட்டைக் கொடி இப்பகுதியின் மாடுகளுக்குச் சிறந்த தீவனம். இலை கொட்டினால் காய் மட்டுமன்றித் தீவனமும் இழப்பாகும். மருந்து தெளித்தாலோ, கொடியில் எஞ்சும் நஞ்சு கேள்வியாகிறது. குளோரோதலோனில் தெளித்த நிலக்கடலைக் கொடியைக் கால்நடைக்கு இடலாகாது என அமெரிக்காவில் அம்மருந்தின் அடைவுச்சீட்டே எச்சரிக்கிறது. காய்க்கென மட்டும் பயிரிடும் பண்ணைக்கு உருவான மருந்து முறை, காயையும் கொடியையும் ஒருங்கே நம்பும் குடும்பத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை.

பூசணமும் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். கார்பெண்டாசிம் வகையைச் சார்ந்த பெனோமில் மருந்தை நம்பியிருந்த அமெரிக்கத் தென்கிழக்கு மாநிலங்களில், 1970-களின் நடுப்பகுதியிலேயே இலைப்புள்ளிப் பூசணங்கள் அதற்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டன. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிப்பது, ஒரே விதையைத் திரும்பத் திரும்ப விதைப்பதைப் போன்ற இடரைக் கொண்டது.

இச்சூழலில் சாகுபடி முறைகள் மீண்டும் கவனம் பெறுகின்றன. தானே முளைத்த செடிகளையும் பழைய சருகையும் அகற்றுதல், மாற்றுப் பயிரிடுதல், மூன்று பங்கு நிலக்கடலைக்கு ஒரு பங்கு கம்பு அல்லது சோளம் ஊடுபயிராக இடுதல் ஆகியவை நோயின் தீவிரத்தைக் குறைப்பதாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. கம்பு தென்னார்க்காட்டின் பழைய மானாவாரித் தானியம். நிலக்கடலையோடு கலந்தும் மாற்றியும் விளைந்தது. முன்னோர் நோயியலை அறிந்தே அவ்வாறு செய்தனர் எனக் கூறுவது மிகையாகும். உணவுக்கும் மழை பொய்க்கும் ஆண்டின் பாதுகாப்புக்குமாக அவர்கள் கலந்து விதைத்தனர். நோய்த்தடை அதனுடன் கிடைத்த பயன். எனினும் தனிப்பயிராக மாறியபோது எவ்வளவு இழந்தோம் என்பதை இது உணர்த்துகிறது.

மீண்டும் விதைக்கு

எதிர்ப்புத்திறன் கடைசியில் பயிரின் தாயகத்திலிருந்தே வந்தது. பொலிவியாவைச் சேர்ந்த அராக்கிஸ் கார்டெனாசி என்ற காட்டினம் பின்பருவ இலைப்புள்ளிக்கும் துருவுக்கும் வலுவான எதிர்ப்புடையது. அதனுடன் கலந்து பெற்ற ஒரு வழித்தோன்றலைப் பெற்றோராகக் கொண்டு, தார்வாடு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் ஜி.பி.பி.டி. 4 என்ற ரகத்தை உருவாக்கியது. பின்னர் அந்த ரகத்தின் எதிர்ப்புக் கூறுகளை, மரபணுக் குறியீடுகளின் துணையோடு பின்கலப்பு முறையில் டி.எம்.வி. 2-க்குள் கொண்டுவந்த ஆய்வு 2017-இல் வெளியிடப்பட்டது. நோய் பரப்பும் வரிசையாக நின்ற திண்டிவனத்து விதை, முக்கால் நூற்றாண்டுக்குப் பின் நோய் தாங்கும் வடிவைப் பெற்றது. உழவர் ஏற்றுக்கொண்ட ரகத்தைக் கைவிடாமல், அதில் அளக்கப்படாமல் விடுபட்ட பண்பை மட்டும் சேர்க்க முயன்றதே இதன் சிறப்பு.

முடிவுரை

தென்னார்க்காட்டில் இலைநோய்க்கான விடை மூன்று முறை விதையில் தேடப்பட்டது: 1900-ஐ ஒட்டி மொரீசியசு வகையில், 1940-இல் திண்டிவனம் ரகங்களில், நம் காலத்தில் காட்டினத்தின் எதிர்ப்புக் கூறுகளில். இதை அறியாமையின் தொடர்ச்சியாகக் கொள்ளலாகாது. தெளிப்புக்கு நீர், கூலி, கடன் வேண்டும். விதையோ எவ்வாறாயினும் உழவர் வாங்கவோ சேமிக்கவோ வேண்டிய ஒன்று. தீர்வு விதைக்குள்ளேயே வந்தால் ஏழை உழவருக்குக் கூடுதல் செலவு இல்லை. ஆகவே விதையை நாடியது பொருளியல் நோக்கில் அறிவார்ந்த தேர்வு.

ஆனால் முதலிரு முறையும் விதை மாறியதே தவிர, இலையை நோக்கும் கண் மாறவில்லை. எதை அளப்பது என்ற முடிவே எது நோய், எது முதிர்ச்சி என்பதையும் தீர்மானித்தது. காப்பி இலைக்குக் கிடைத்த கவனம் மணிலா இலைக்குக் கிடைக்காததன் காரணம் பூசணத்தில் இல்லை. அந்த இலை யாருடையது என்பதில் இருந்தது. மாவட்ட வேளாண் வரலாற்றை எழுதும் ஆய்வாளர், பரப்பும் எடையும் சரிந்த ஆண்டுகளைப் ‘பருவக்கேடு’ எனக் கடந்துவிடாமல், அவ்வாண்டுகளின் மழைநாள்கள், விதை மாற்றம், பட்டங்களின் இடைவெளி, தீவன நிலை ஆகியவற்றை இணைத்துப் படித்தல் வேண்டும். கணக்கேடுகளில் இடம்பெறாத இலையின் வரலாறு, அவ்வாறு படிக்கும்போது அக்கணக்கேடுகளின் இடையிலிருந்தே வெளிப்படும்.